பன்னிரண்டாவது பாடம்

காலை ஆறரைக்கு எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். குளிக்கப் போக, துண்டை எடுத்தான்.

துண்டு ஈரமாக இருந்தது.

ஒன்பது நாளாக இப்படித்தான். அவனுக்கு முன்னால் யாரோ தலைக்குக் குளித்திருக்கிறார்கள்.

மேற்படிப்புக்காக இந்தப் பழைய ஊரில் வந்து இறங்கி இரண்டு மாதம். வீட்டுக்காரம்மா மூன்றாவது மாடி அறையைத் திறந்துவிட்டு, கையில் இரண்டு சாவி கொடுத்தாள். ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் இருந்தது, கணவன், மனைவி. அந்த இரண்டாவது ஆள், அவன் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே செத்துப்போனதைச் சொல்ல அவனுக்கு அந்த ஊர் மொழி தெரியவில்லை. தலையாட்டினான். சாவிகளை வாங்கிக்கொண்டான்.

நானூறு வருஷத்துக் கட்டடம். ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. கதவு உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். ஒரு சாவியைப் பையில் வைத்துக்கொண்டான். மற்றதைக் கதவோரக் கொக்கியில் மாட்டினான்.

மொழி வகுப்பில் டீச்சர், குடும்பத்தில் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் முறை வந்தது.

"எனக்கு மனைவி இருக்கிறாள்."

"எங்கே இருக்கிறாள்?"

அந்த மொழியில் அவனுக்குச் சொல்லத் தெரிந்த இடம் ஒன்றுதான். "வீட்டில் இருக்கிறாள்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பையன் முழங்கையால் இடித்தான். அதே வகுப்பில் மூன்றாவது முறையாக உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு சீனியர் என்று பெயர்.

"அடப்பாவி, சொல்லவே இல்ல! தங்கச்சிய எங்க கண்ல காட்டாம ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இருந்தாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அது இறந்தகாலம் மாப்ள. பன்னெண்டாவது பாடம். அதுவரைக்கும் இந்த கிளாஸ்ல ஒருத்தரும் சாக முடியாது. நானே ரெண்டு தடவ ஃபெயிலாகி நிகழ்காலத்துலயே கெடக்கேன்."

மறுநாள் காலையில்தான் துண்டு முதல் முறையாக ஈரமாக இருந்தது.

நேற்றைய பாடம், யாரிடம் என்ன இருக்கிறது. "என்னிடம் சாவி இருக்கிறது. என் மனைவியிடம் சாவி இருக்கிறது." டீச்சர் கைதட்டினாள். அவன் வீட்டுக்கு வந்து பார்த்தான்.

கொக்கி காலி.

இன்று பன்னிரண்டாவது பாடம். 'இறந்துவிட்டாள்' என்பதற்கான சொல்லை முன்பே தேடி எடுத்து உள்ளங்கையில் எழுதியிருந்தான். அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவள் போய்விடுவாள்.

பால் குடித்தான். பையை மாட்டினான். கதவில் சாவியை நுழைத்தான்.

சாவி உள்ளே போகவில்லை.

குனிந்து பார்த்தான். துளை அடைத்திருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு சாவி.

கீழ்த்தளத்துக்கு போன் போட்டான். "கதவு பூட்டியிருக்கிறது."

வீட்டுக்காரம்மா சிரித்தாள். "உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள். இப்போதுதான் படியில் பார்த்தேன்."

பார்த்தேன். அந்த மொழியில் அவனுக்குப் புரிந்த முதல் இறந்தகாலம்.

ஜன்னல் திறந்தே இருந்தது. வெளியே ஒரு சாண் அகலத்தில் கல் விளிம்பு. அதன் முடிவில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், படிக்கட்டு ஜன்னல். தாவினால் போய்விடலாம்.

அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

சொந்த ஊரில், விசா ஆபீஸுக்குக் கிளம்பிய காலை. தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வாசல்வரை வந்தவள், போட்டோவை மறந்துவிட்டு உள்ளே ஓடினாள். அவன் காதில் போன், கையில் பூட்டு. பேசிக்கொண்டே பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டு இறங்கினான். அவளுடைய போன் அவன் பையில் இருந்தது. பால்கனியிலிருந்து படிக்கட்டு ஜன்னலுக்குத் தாவப் பார்த்திருக்கிறாள். அதுவும் மூன்றாவது மாடி.

"கடைசியா என்னப்பா சொன்னா?" என்று அத்தை அழுதுகொண்டே கேட்டபோது, "உங்கள நல்லாப் பாத்துக்கச் சொன்னா அத்தை" என்றான். பொய்.

படிக்கட்டில் காலடி கேட்டது.

ஈரக்கூந்தல் வாசம் கதவிடுக்கில் நுழைந்தது.

உள்ளங்கையைப் பார்த்தான். வியர்வையில் எழுத்து கரைந்திருந்தது.

துளையில் சாவி மெல்லத் திரும்பியது.

அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கதவப் பூட்டிடாதீங்க, இதோ வந்துட்டேன்."