வலப்பக்கம் சாய்ந்த அம்பு

திரையில் மவுஸ் அம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

எப்போதும் இடப்பக்கம்தான் சாய்ந்து நிற்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள்தான் அதைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். அவன் வலது கைக்காரன். செட்டிங்கைத் திறந்து பார்த்தான்; அதிலும் வலது கை என்றுதான் இருந்தது.

விடுமுறை நாள், மதியம் மூன்று மணி. நாற்பது பேர் உட்காரும் ஆபீஸ் ஹாலில் அவன் ஒருவன்தான். ஏசி விட்டு விட்டு உறுமியது, ஜன்னல் மறைப்பின் நிழல் காலி நாற்காலிகள் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது, காலையில் துடைத்த தரையின் பினாயில் நெடிக்கு அடியில் வேறு ஏதோ வாசனை, தெரிந்த வாசனை, இருப்பதும் இல்லாததுமாக இருந்தது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் நானூறு லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கும் இந்த தீம் போகிறது. பட்டன், நிறம், எழுத்து, ஐகான் என்று திரைக்கு மாட்டிவிடும் மொத்த உடுப்பு. செய்தவன் என்று அவன் பெயர் போட்டிருக்கிறது. அதைக் காட்டித்தான் டீம் லீடர் ஆனான். நாளை சொதப்பினால் யாராவது உள்ளே குடைவார்கள். குடைந்தால் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

அம்புப் படத்தை அழித்தான். வேறு அம்பு வந்தது. அதுவும் வலப்பக்கம்தான்.

பிறகு மூடும் பட்டன் இடது மூலைக்குப் போனது. அதையும் அழித்தான். சாம்பல் நிறச் சட்டங்களில் ஓரத்திலிருந்து மெல்லப் பச்சை ஊறியது. அது அவனுக்குத் தெரிந்த பச்சை.

"இது கண்ணை உறுத்தாதுண்ணா. நைட் டூட்டி நர்ஸுங்க பாவம்ல?"

அன்று நொட்டாங்கை சொன்னது. இடது கைக்காரி என்பதால் அவன் வைத்த பட்டப்பெயர். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள், ஓயாத தலைவலிக்காரி, நெற்றிப்பொட்டில் எந்நேரமும் தைலம். எட்டு மாதம் உட்கார்ந்து இந்த தீமைச் செய்தாள். அவன் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்து, தன் பெயரை மேலே போட்டு, அவளுடையதை அழித்துவிட்டு, அவள்தான் திருடினாள் என்று மேனேஜரிடம் சொன்னான்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்கண்ணா," என்று மேனேஜர் அறையில் அவள் கெஞ்சினாள்.

"நான் சொன்னதுதான் சார் உண்மை," என்றான் மேனேஜரைப் பார்த்து. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போன நாற்பதாம் நாள் அவள் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தாள். அந்த வாரம்தான் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. இனிப்பு கூட வாங்கிக் கொடுத்தான், பாவி.

தீமின் தலைப்புக் கோப்பைத் திறந்தான். முதல் வரியில் அவன் பெயர். மூன்றாவது வரியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு தீமுக்கும் ஒரு தாய் தீம் உண்டு. இங்கே இல்லாததை அங்கிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லும் வரி அது. அதில் அவளுடைய தீமின் பெயர் அப்படியே இருந்தது. அவசரத்தில் மாற்ற மறந்திருக்கிறான்.

சரி, காரணம் கிடைத்துவிட்டது. அவன் அழித்ததெல்லாம் அவளிடமிருந்து வந்து நிரம்புகிறது, அவ்வளவுதானே?

ஆனால் அவள் ஃபோல்டரை அவனே அழித்து இரண்டு வருஷமாகிறது. எங்கிருந்து வருகிறது?

வரியை அழித்தான். சேமித்தான். திறந்தான். வரி இருந்தது.

மறுபடி அழித்தான். இருந்தது.

"செத்தும் விட மாட்டியாடி?" என்று கத்திவிட்டு மொத்த ஃபோல்டரையும் அழித்தான். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. பிறகு முழுப் பச்சையாக, ஒரு கோணல் இல்லாமல், கச்சிதமாக வந்து நின்றது. செய்தவர் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர்.

தைல வாசனை இப்போது நன்றாகவே அடித்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எப்ப வர்றீங்க?"

"இதோ கிளம்பிட்டேம்மா."

மனைவியின் குரல் மாறியது.

"ஹலோ? யாருங்க பேசறது?"

"நான்தாம்மா."

"அவர் போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவர்கிட்ட குடுங்க."

"நான்தான்டி!" என்று அலறினான். காதில் விழுந்தது ஒரு பெண்ணின் மெல்லிய குரல்.

போன் கீழே விழுந்தது. நெற்றிப்பொட்டு எரிந்தது. தொட்டான். விரலில் பிசுபிசுப்பு. தைலம்.

திரையின் மூலையில் அவன் லாகின் போட்டோ. வாய் இல்லை.

பிறகு வாய் வந்தது. அவனுடையது அல்ல.

எழுந்து ஓடப் பார்த்தான். கால் அசையவில்லை. மவுஸ் எப்போதோ விசைப்பலகையின் இடப்பக்கம் போயிருந்தது. அதன் மேல் அவன் இடது கை. அவன் வைக்கவில்லை.

நானூறு கம்ப்யூட்டர்களின் பட்டியல் திறந்தது. அனுப்பு என்ற பட்டன் மேல் அம்பு போய் நின்றது.

"வேண்டாம்," என்றான். அந்தக் குரலில்தான் அவள் அன்று கெஞ்சினாள்.

விரல் அழுத்தியது.

திரை அணைந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவன் முகம். ஒரு கண் அவனுடையது. அது அழுதுகொண்டிருந்தது. மீதி முகம் நிதானமாக, இடது கையால் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.