பக்கத்து இருக்கை

பானட்டின் மேல் வைத்த உள்ளங்கையை அவள் சட்டென்று எடுத்தாள். சூடாக இருந்தது.

பழைய வண்டி பார்க்கப் போனால் அவள் முதலில் செய்வது இதுதான். கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினை, ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அந்தத் திருட்டைக் கை கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் விரல் புதையும் தூசி. சக்கரத்திலிருந்து தரைவரை சிலந்தி வலை அறுபடாமல் கிடந்தது. பானட்டைத் தூக்கினாள். பேட்டரி இருந்த இடம் காலி. எஞ்சின் சில்லிட்டிருந்தது.

ஷெட் வாசலில் தங்கை புருஷன் புது மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு மலிவாக இப்படி ஒரு வண்டி கிடைக்கிறதென்று மூன்று வாரமாக அவனுக்குத் தூக்கமில்லை. தங்கைக்கு வேறு காரணத்தால் தூக்கமில்லை. "நீ டிங்கரிங் பட்டறையில இருக்கிறவ, உன் பேச்சைத்தான் கேப்பாரு. ஏதாவது குறை சொல்லி வேண்டாம்னுடு, அக்கா" என்று கெஞ்சியிருந்தாள்.

குறை தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடதுபக்கக் கதவை விரல் முட்டியால் தட்டினாள். தகரம் சத்தமிடவில்லை, மொத்தென்று பள்ளம் அடைத்த பட்டி பேசியது. அந்தப் பக்கமே அப்பளமாக நொறுங்கி, நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. உள்ளே மிதியடியைத் தூக்கினாள். ஈரம். மழைத்தண்ணீர் ஒழுகும் வண்டிகளில் பூஞ்சை நாறும். இங்கே குளித்துவிட்டு உலர்த்தாமல் முடிந்த கூந்தலின் வாசனை.

"யாரு ஓட்டின வண்டிங்க?"

வண்டிக்காரர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான்தாம்மா. எம் பொண்ணு பக்கத்துல உக்காந்து வருவா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"நீங்க வண்டியைப் பாருங்க."

வெளியே மேகம் மூடிக்கொண்டு வந்தது. அடிப்பாகத்தில் துரு பார்க்க, அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சோடு நுழைந்தாள். தாழ்ந்த வண்டி, தலையும் தோளும் மட்டும்தான் போயின. மூக்குக்கு மேலே, இரும்பின் குறுக்கே, அவசரமாக ஒட்டிய வெல்டிங், ஆறாத புண்ணின் தையல்போல் ஓடியது.

அப்போது வண்டி அமுங்கியது.

ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்குமே, அந்த அமுக்கம். இடதுபக்கம். கதவுச் சத்தம் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, இறங்குங்க. நான் கீழ இருக்கேன்."

தலையைத் திருப்பினாள். தூரத்தில், வாசல் வெளிச்சத்தில், அவனுடைய ஷூக்கள். பக்கத்தில் வண்டிக்காரரின் செருப்புகள்.

தலைக்கு மேலே சீட் முனகியது. யாரோ வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

தோள் சிராய்க்க வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்குள் யாருமில்லை. சீட்டின் மெத்தை மட்டும் குழிந்திருந்தது.

வாசலுக்கு ஓடி அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாம். போயிடலாம். உள்ள யாரோ இருக்காங்க."

அவன் சிரித்தான். "உங்க தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா? பேய்க் கதை வரைக்கும் போயிட்டீங்களே, அக்கா."

அவள் பிடி தளர்ந்தது. சொல்லிக் கொடுத்தது உண்மைதானே.

"ஒரே ஒரு தடவை உக்காந்து பாத்துட்டு வந்துடறேன்."

கையை உதறிவிட்டுப் போனான். ஏறினான். ஸ்டீயரிங்கைத் தடவினான். கதவைச் சாத்தினான்.

இரண்டு கதவின் பூட்டும் ஒன்றாக விழுந்தன. பேட்டரி இல்லாத வண்டியில்.

"பாவம், ரொம்ப நாளா உள்ளயே இருக்கா" என்றார் வண்டிக்காரர், அவளைப் பார்க்காமல். "வெளிய கூட்டிட்டுப் போக ஆள் வேணும்னு அழுவா."

அவள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியை அறைந்தாள். அவன் திரும்பவில்லை.

பக்கத்து இருக்கையின் பெல்ட் மெதுவாக நீண்டது. குறுக்கே வந்தது. சொடுக்கென்று மாட்டிக்கொண்டது. ஒன்றுமில்லாத இடத்தில் இறுகி நின்று, ஏறியது. இறங்கியது. ஏறியது. மூச்சு வாங்கும் நெஞ்சின் மேல் கிடப்பதுபோல.

அவன் அந்தப் பக்கம் முகத்தைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சம்மதம் சொல்வதுபோல், மெல்லத் தலையாட்டினான்.