பொருந்தும், பேசாது

காலையிலிருந்தே ஷோபனாவுக்குக் கழுத்தில் வலி. பத்து வயதில் கல்குவாரியில் ஜல்லிக்கூடை சுமந்த கழுத்து. செஞ்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்ட பிறகும் அந்தப் பாரம் இறங்கவில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே ஷட்டரைத் தூக்கினாள். மணி எட்டு.

வள்ளியம்மாள் முன்னாடியே வந்து நின்றிருந்தாள். முந்தாநாள் போட்டோவில் மட்டும் காட்டிய சாமானை இன்று துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“குவாரிய மூடிட்டு ஆபீஸ் சாமான எடைக்குப் போட்டாங்க மா. பழைய இரும்புக்கடையில கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தேன்.”

சர்வரின் ஹார்டு டிஸ்க். ஆட்கள் கைரேகை வைத்து வந்துபோன கணக்கு முழுக்க இதில்தான். அவள் புருஷன் ராஜாங்கம் அந்தக் குவாரியில் பாறை உடைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெடி வைத்த அன்று பாறை சரிந்தது. அதற்கப்புறம் ஆளைக் காணோம். அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, எங்கேயோ ஓடிவிட்டான் என்று முதலாளி சாதித்துவிட்டார். சரிவை யாரும் தோண்டவில்லை. நாளைக்கு விழுப்புரத்தில் கடைசி விசாரணை.

“வந்தாருன்னு ஒரு வரி இருந்தா போதும். தோண்டிடுவாங்க.”

ஷோபனா இழுப்பறையிலிருந்து விரல்நீள அடாப்டர் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“இது முன்னூறு ரூபாக்கா. நானே ஏமாந்து வாங்கினது. டிஸ்க்ல பொருந்தும். ஆனா சர்வர் டிஸ்க் பேசுறது நம்ம கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதுக்குத் தனியா ஒரு கார்டு வேணும். ஒரு மணி பஸ்ல சென்னையிலேருந்து பார்சல் வருது.”

“இத்தப் போட்டுத்தான் பாரேன்.”

“மட்டமான ஒயர் போட்டா உருகி எரிஞ்சிடும். அப்புறம் இன்னொரு டிஸ்க்குக்கு எங்க போவ?”

“ஒரே ஒருதரம் மா.”

“நீ விட மாட்ட.”

கடையில் இருந்த நல்ல பவர் ஒயராகப் பார்த்துச் செருகினாள். டிஸ்க் சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“பாத்தியா? பொருந்தும், பேசாது.”

பவர் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். வள்ளியம்மாள் பார்சல் வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

உச்சிவேளை. ராஜகிரிக் கோட்டைப் பாறை வாங்கிய வெயிலெல்லாம் தெருவில் இறங்கியிருந்தது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஷோபனா கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

டக்.

உளித்தலையில் சுத்தியல் விழும் சத்தம். பத்து வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த சத்தம்.

டக். டக்.

வெடிமருந்து நாற்றம் வந்தது. கூடவே ஈரக் கல்தூளின் வாடை.

மேசையில் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. பிடுங்கிய ஒயர் பிடுங்கியபடியே கிடந்தது.

திரையில் ஒரு பட்டியல்.

பெயர். உள்ளே. வெளியே.

வெடி வைத்த தேதியில் ராஜாங்கம் இருந்தான். உள்ளே 8.02. வெளியே, காலி.

“வந்திருக்கான்!” என்று அவளையறியாமல் சொன்னாள். கை தானாகப் பட்டியலைக் கீழே தள்ளியது.

மறுநாளும் ராஜாங்கம். உள்ளே 8.02. வெளியே, காலி.

அதற்கடுத்த நாளும்.

மற்றவர் பெயர்களெல்லாம் குவாரி மூடிய நாளோடு நின்றுவிட்டன. அவன் பெயர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், டிஸ்க் இரும்புக்கடையில் துருவோடு கிடந்த மாதங்கள். ஒரு நாள் விடாமல் 8.02.

கடைசி வரியில் இன்றைய தேதி.

“யாரு?” என்று கேட்டாள்.

டக்.

அடாப்டரின் மேல் வெள்ளைக் கல்தூளில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

“யம்மா, பார்சல்!”

வள்ளியம்மாளின் குரல் கேட்டதும் திரை அணைந்தது. ஷோபனா அடாப்டரைக் கழற்றி இழுப்பறைக்குள் எறிந்தாள். புதுக் கார்டைப் பொருத்தி, ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, டிஸ்க்கை மாட்டினாள். அதே பட்டியல் திறந்தது. வெடி வைத்த தேதியோடு ராஜாங்கம் முடிந்திருந்தான். அதற்குக் கீழே எங்கேயும் அவன் பெயர் இல்லை.

அச்சடித்த தாளில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினாள். வள்ளியம்மாளுக்கு எழுத்து தெரியாது.

“வந்துருக்காரா?”

“வந்துருக்காருக்கா.”

“போனது?”

ஷோபனா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “போவலக்கா.”

மறுநாள் சாயந்திரம் விழுப்புரத்திலிருந்து வள்ளியம்மாள் போன் செய்தாள். தாளையும் டிஸ்க்கையும் அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். தோண்ட உத்தரவு போட்டாயிற்று. குழியில் தண்ணீர் நிற்கிறதாம். இயந்திரம் எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் காலை. ஷோபனா ஷட்டரைத் தூக்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

டக்.

இழுப்பறையை இழுத்தாள். அடாப்டர் தனியாகக் கிடந்தது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அதன் மேல் ஈரம் காயாத கல்தூளில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ராஜாங்கத்தின் உடம்பு இன்னும் வள்ளியம்மாளுக்குப் பாக்கி.