சீல் வைத்த பால்

நாற்பத்து மூன்று நாட்கள்.

நாற்பத்து மூன்று பாட்டில்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் பால். மூடியில் சிவப்பு அரக்கு முத்திரை. கழுத்தில் ஒரு சீட்டு. சீட்டில் தேதி, நேரம், கையெழுத்து.

கையெழுத்து, கழுகுடையது.

நகரக் கண்காணிப்பு அறையின் அதிகாரிக்கு அது சக காவலர்கள் வைத்த பெயர். அறுபத்து நான்கு திரைகளில் அறுபத்து நான்கு தெருக்கள் ஓடும். அதில் எவன் கை எவன் பைக்குள் போகிறது என்று முதலில் சொல்பவர் அவர்தான். என்ன, இந்தக் கழுகு கூடு கட்டியிருப்பது தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவர் மேலதிகாரியிடம் ஒரு புகார் கொடுக்கப் போகிறார். நான்கு பக்கம். எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தாயிற்று.

குற்றம், கொலை முயற்சி.

எதிரி... அவருடைய மனைவி!

பத்து ஐம்பதுக்குத் தொலைபேசி அலறியது.

"சார், தடய அறிவியல் லேப்லேர்ந்து பேசறேன். ரிசல்ட் வந்துடுச்சு."

"என்ன விஷம்?"



"நேர்ல வாங்க சார்."

கழுகு போனை வைத்தார். நேரில் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷம்!

இந்த அறைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். இருட்டு பிரிவதற்குள் உள்ளே நுழைவார். இருட்டிய பிறகு வெளியே வருவார். வெளியே வெயிலா மழையா என்று கேட்டால் திரையைப் பார்த்துத்தான் சொல்வார்.

முதலில் கால்கள்தான் மக்கர் செய்தன. படி ஏறினால் தொடைக்குள் யாரோ மரம் அறுத்தார்கள். அப்புறம் தூக்கம் போனது. அப்புறம் சீப்பில் முடி. கடைசியாகப் பொறுமை. வராத லிஃப்டைத் திட்டினார். வந்த லிஃப்டையும் திட்டினார்.

அப்படி ஒரு நாள் விடிகாலையில், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் அதைப் பார்த்துவிட்டார்.

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து மனைவி ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலை எடுத்தாள். அவருடைய பாலில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஐந்து சொட்டு. திரும்பினாள். பாட்டில் மாயம்.

"என்ன அது?"

"எது?"

அந்த "எது?" அவருக்கு நன்றாகத் தெரிந்த "எது?". பல நூறு திருடர்கள் அவரிடம் சொன்ன "எது?".

"ஆபீஸ்ல குடிச்சுக்கறேன்" என்று பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கே முதல் பாட்டிலுக்கு அரக்கு உருகியது. பாட்டில் சாட்சியப் பொருள்கள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் போனது. அன்று இரவே சமையலறைச் சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு குட்டிக் கேமரா ஏறியது. விடிகாலையில் அரைமணி நேரம் மட்டும் பதிவு செய்யும்.

பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதினார்.

நாள் 2: எதிரி ஐந்து சொட்டு ஊற்றினாள்.

நாள் 3: எதிரி முதுகைக் காட்டி நின்று ஊற்றுகிறாள். உஷாராகிவிட்டாள். காதில் புதுக் கம்மல்.

நாள் 4: வேறு கம்மல். விடிகாலை ஐந்து மணிக்கு?

நாள் 9: ஜிமிக்கி. யாருக்காக?

"யாருக்காக" என்பதன் கீழ் இரண்டு கோடு. கொலைக்குக் காரணமும் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழு பாட்டில்களை லேபுக்கு அனுப்பினார். தன் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். நான்கு பக்கப் புகாரை எழுதி முடித்த அன்று, இருபத்திரண்டு வருடமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

லேபில் இருந்த இளம்பெண் வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற ரகம். ஆளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினாள். மேஜையில் ஏழு பாட்டில்களும் வரிசையாக நின்றன.

"விஷம் இல்ல சார். பால்லயும் இல்ல, ரத்தத்துலயும் இல்ல."

"சரியாத் தேடினியாம்மா?"

"ரெண்டு தடவ."

"அப்ப ரத்தத்துல என்னதான் கலந்திருக்கு?"

"எதுவும் கலக்கல. ஒண்ணு காணாமப் போயிருக்கு."

கழுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். காணாமல் போன வழக்கு என்றால் அவருக்குத் தனி உற்சாகம்.

"யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல சார். விட்டமின் டி. குறைஞ்சது இருபது இருக்கணும். உங்களுக்கு ஏழு."

பாலைச் சோதித்தபோது ஒரு சந்தேகம் தட்டியதாம். அதனால் ரத்தத்தை ஆஸ்பத்திரி லேபுக்கும் அனுப்பிப் பார்த்தாளாம். தோலில் வெயில் பட்டால் உடம்பே தயாரித்துக்கொள்கிற சமாச்சாரம் அது என்று விளக்கினாள். பிறகு, கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தார் என்று கேட்டாள்.

"தினமும் பாக்கறேனே."

"திரையில இல்லாம."

கழுகு பேச்சை மாற்றினார்.

கால்வலி சரி, தூக்கம் போனதும் கோபம் வந்ததும் மன உளைச்சலால்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடினார். உளைச்சலில் இருப்பவன் வெளியே போகாமல் அடைந்து கிடக்கிறான், வெயில் படுவதில்லை, விட்டமின் இறங்குகிறது என்றாள் அவள். இறங்கினால் வலி, அசதி. அதனால் இன்னும் உளைச்சல்.

"கூட்டுக் களவாணிங்க சார். முதல்ல யார் யாரைக் கூட்டிட்டு வந்தான்னு ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் முடிவா சொல்லல. ஆனா ஒருத்தன் இருக்கற இடத்துல இன்னொருத்தனையும் அடிக்கடி பாக்கறாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த அஞ்சு சொட்டு?"

அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? நாற்பத்து மூணு நாளா நீங்க அந்தப் பாலைத் தொடல. ஆனா உடம்பு மோசமாயிட்டே போச்சு. குடிக்காத விஷம் எப்படி வேலை செய்யும்?"

  பயிற்சியில் இருக்கும் காவலன்கூட இதை முதல் நாளே கேட்டிருப்பான்.

அவள் ஒரு பாட்டிலை விரலால் தள்ளினாள்.

"காணாமப் போனவன் இதோ இருக்கான். விட்டமின் சொட்டு மருந்து. ஏழு பாட்டில்லயும் இருக்கு, மிச்சம் முப்பத்தாறுலயும் இருக்கும். அரக்கு வச்சு, கையெழுத்துப் போட்டு... நீங்களே அடைச்சு வச்சிருக்கீங்க சார்."

அவ்வளவு நீளமாகப் பேசிவிட்ட கூச்சத்தில் மறுபடி மேஜையைப் பார்த்தாள்.

கழுகு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். புகாரைக் கிழித்துவிடலாம் என்று பைக்குள் போன கை, பாதியில் நின்றது.

மருந்துதான் என்றால் ஏன் திருட்டுத்தனமாக? ஏன் முதுகைக் காட்டி?

அது கிடக்கட்டும். மருந்து கொடுக்க ஜிமிக்கி எதற்கு?

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குள் அந்தக் கம்மலுக்குப் பதில் வேண்டும்!

வீட்டுக்கு நடந்தே போனார். வெயிலில் கண் கூசியது. பாதி வழியில், காலை ஒட்டியபடி குட்டையாக ஒருவன் கூடவே வருவது தெரிந்து சட்டென்று நின்றார். அவனும் நின்றான்.

அவருடைய நிழல். பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மனைவி கூடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

காது காலி!

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?"

அவர் பாட்டிலை இஸ்திரி மேஜையில் வைத்தார். அவள் அரக்கைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆபீஸ் மருத்துவப் பரிசோதனை அறிக்கை தபாலில் வந்ததாம். அவர் பிரிக்காமல் டிவிக்கு அடியில் போட்டுவிட்டாராம். அவள் பிரித்து, டாக்டரிடம் போனில் பேசினாளாம். தினமும் சொட்டு மருந்து கொடுங்கள், கொஞ்சம் வெயிலில் நிற்கச் சொல்லுங்கள் என்றாராம் டாக்டர். இருமல் மருந்து வாங்கப் போய்க் கடைக்காரரை ஒரு மணி நேரம் விசாரித்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

"டென்ஷன் ஆக விடாதீங்கன்னார் டாக்டர். சொன்னா டென்ஷன் ஆவீங்க. அதான் சொல்லல."

பிறகு பாட்டிலை மறுபடி பார்த்தாள். குரல் இறங்கியது.

"ஒரு நாள்கூடக் குடிக்கலையா?"

நாற்பத்து மூன்று நாள் ஐந்து மணிக்கு எழுந்தவள் கேட்கிற கேள்வி. கழுகின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"பைல என்ன காகிதம்?"

"எது?"

இப்போது அந்த "எது?" அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் துருவவில்லை. அவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் கம்மல்... ஜிமிக்கி எல்லாம்... யாருக்காக?"

அவள் முகம் சிவந்தது. சமையலறைச் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு நாள் பகல்ல அந்தக் கடிகாரம் நின்னு போச்சு. பேட்டரி மாத்தலாம்னு திறந்தேன்."

கழுகும் அந்தச் சுவரைப் பார்த்தார்.

"பாதாளத்துல உக்காந்திருக்கற மனுஷன், இருபத்திரண்டு வருஷம் கழிச்சு பொண்டாட்டி முகத்தைப் பாக்க ஆசைப்பட்டு கேமரா வச்சிருக்கார்னு நெனச்சேன். மருந்து ஊத்தறப்ப மட்டும் திரும்பிக்கிட்டேன். மத்தபடி... தினம் ஒரு கம்மல் மாத்தினேன். உங்களுக்காகத்தாங்க!"

சட்டைப் பைக்குள் நான்கு பக்கமும் சத்தமில்லாமல் கிழிந்தன.

அவள் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்தாள். இந்த முறை அவர் கண்ணெதிரிலேயே ஐந்து சொட்டு விட்டாள்.

"மாடிக்குப் போய் வெயில்ல நின்னு குடிங்க. குடிச்சுட்டு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... எந்தக் கம்மல் நல்லா இருந்துச்சு?"

கழுகு ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"ஒன்பதாம் நாள் ஜிமிக்கி. ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன்."