வெறும் மேடையின் எடை

செஞ்சிக்கு ரயில் வரவில்லை; ரயில்வே ஏஜென்சிதான் வந்தது. கடைத்தெருவில் டிக்கெட் தருவார்கள், பார்சலை எடை போட்டு லாரியில் ஏற்றித் திண்டிவனம் ஸ்டேஷனில் சேர்ப்பார்கள். அங்கே தரையில் பதித்த மேடைத் தராசில் எடை போடுகிறவர் என் வீட்டுக்காரர் கௌஸ் பாஷா. அறுபத்து நாலாம் வருஷம் அவர் காணாமல் போனார்.

"தங்கச்சி, அவன் பம்பாய்க்குப் போயிட்டாம்மா. கூட ஒருத்தி இருந்தா. நான்தான் டிக்கெட் குடுத்தேன்" என்றார் ஏஜென்ட் ராஜாங்கம். ரம்ஜானுக்கு ரம்ஜான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட மனுஷன். நம்பினேன். ஆறு மாதம் வாயில் வந்தபடி என் புருஷனைத் திட்டித் தீர்த்தேன். அவர் சட்டைகளை அடுப்பில் போட்டேன்.

ஒரு மத்தியானம் அம்மாவுக்குத் துணிமூட்டை அனுப்ப ஏஜென்சிக்குப் போனேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பினாயில் நெடி குமட்டியது. ராஜாங்கம் மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. வெறும் மேடையில் தராசுக் கம்பி மட்டமாக நிற்பதைப் பார்சல் கொண்டுவந்தவருக்குக் காட்டிவிட்டுத்தான் பார்சலை வைக்க வேண்டும்.

"இன்னாண்ணே, காலி மேடையக் காட்டாம எடை போடலாமா? அவரு மொத வேலையா அத்தத்தானே செய்வாரு?"

"தராசு ரிப்பேர்மா. நீ கெளம்பு."

தராசுக் கம்பியைப் பூட்டியிருந்த கொக்கியை நானே விடுவித்தேன்.

பாரம் ஏற்றியதுபோல் கம்பி விருட்டென்று மேலே போனது.

மேடையில் ஒன்றுமில்லை.

கம்பி முனையில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஐம்பது கிலோ. கம்பி அசையவில்லை. ஐம்பத்திரண்டில் மெல்ல இறங்கி நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் அந்த மேடையில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "உன் சோத்துல ஒரு கிலோகூட ஏறலியேடி" என்று வீட்டில் வந்து கேலி பண்ணுவார். ஐம்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை.

யாரோ கால் மாற்றி நின்றதுபோல் மேடை கிறீச்சிட்டது.

ராஜாங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தார்.

"தெனமும் நிக்கிறான்... எறங்க மாட்டேங்கிறான்..."

அடப்பாவி! கூட உட்கார்ந்து தின்ற பாவி! நான் போட்ட கூச்சலில் கடைத்தெருவே கூடியது. மேடையைப் பெயர்த்துத் தோண்டினார்கள். ராஜாங்கம் பார்சலைப் பிரித்துத் திருடியதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டாராம். அதற்காக மண்டையில் அடித்து, அங்கேயே புதைத்திருக்கிறான்.

ஜனாஸா தொழுது அடக்கம் செய்தோம். தராசு மட்டத்துக்கு வந்துவிட்டது என்றார்கள்.

அன்றிலிருந்து, பகலில் படுத்தாலும் என் கயிற்றுக் கட்டிலில் இன்னொரு பக்கம் தாழ்கிறது. "தெரியாம நம்பிட்டேங்க" என்று அழுதுகொண்டே நெருங்கிப் படுக்கிறேன்.

பள்ளம் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்துபோகிறது.