ஒரு முள் குறைகிறது!

மணி அடிக்கவில்லை!

தினமும் பொழுது விடிந்ததும் ஊர் மதிலின் ஆற்றங்கரை வாசலில் காவல்காரன் வென்டெல் மணியை அடிப்பான். அதற்கு அப்புறம்தான் வின்டர்பாக் ஊரில் பால் கறப்பார்கள், அடுப்பு மூட்டுவார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டையை ஆரம்பிப்பார்கள்.

இன்று வெயில் கூரை ஏறிய பிறகும் சத்தமே இல்லை...

வென்டெலின் மனைவி ஒட்டிலி ரொட்டிக்கு மாவு பிசைந்து கொண்டிருந்தாள். கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு அப்பொலோனியா!

"அடியே ஒட்டிலி! வாசல்ல... உன் வீட்டுக்காரர்..."

"தூங்கிட்டாரா?"

அப்பொலோனியா வாயைப் பொத்திக் கொண்டு அழுதாள்.

ஒட்டிலி மாவுக் கையோடு கிளம்பினாள். ஓடவில்லை. நடந்தாள்.

வென்டெல் மணிக் கயிற்றுக்குக் கீழே குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் வரிசையாக ஓட்டைகள். அதில் ஒரு ஓட்டையில் இரும்பு முள் ஒன்று அப்படியே குத்திக் கொண்டு நின்றது.

ஒட்டிலி பார்த்தாள். ஒன்றுமே தோன்றவில்லை. அவனுடைய ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது. இந்தக் குளிரில் சளி பிடிக்குமே என்று மட்டும் நினைத்தாள்.

பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான் கெப்ஹார்ட். ஊரின் காவல் தலைவன். ஆற்றுக்கு அக்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சூறையாடும் ஹட்டோ பிரபுவுக்குப் பயந்து, இந்த வசந்தத்தில்தான் பட்டணத்திலிருந்து அவனை வரவழைத்திருந்தார்கள். சாப்பிடும்போதுகூடத் தோல் கையுறையைக் கழற்றாத ஆசாமி.

செத்தவனின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சாவி எங்கம்மா?"

"என்ன சாவி?"

"வாசல் சாவி! இடுப்புல காணோம். உன்கிட்ட குடுத்தானா?"

நேற்று வாசலைப் பூட்டிய கையோடு வென்டெல் வீட்டுக்கு வந்து, சாவியை மாவுப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டுத்தான் காவலுக்குப் போனான். 'இன்னிக்கு இது இங்கயே இருக்கட்டும்' என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பானையில் இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாதுங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ஊர்த்தலைவர் ருப்ரெக்ட் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கெப்ஹார்ட் குறடால் முள்ளைப் பிடுங்கி உயரத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க தலைவரே. விடிவெள்ளி முள்!"

விடிவெள்ளி என்றால் வானத்தில் இருப்பது அல்ல. கனத்த தடி. அதன் தலை முழுக்க இரும்பு முள். பார்க்க நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதில் அடி வாங்கிக் கொண்டவனுக்கு அப்புறம் விடியாது. ஹட்டோவின் ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாததால், வீட்டுக்கு ஒன்று அடுப்போரம் சாத்தி வைத்திருக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம்.

"எவன் தடியில ஒரு முள் குறையுதோ அவன்தான் கொலைகாரன்!" என்றான் கெப்ஹார்ட்.

கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தது. தலைவரும் சேர்த்துத்தான்!

"வீடு வீடாப் போகணுமா?" என்றார் அவர்.

"எதுக்கு? நேத்து பியர்க் கடையில இவனோட மல்லுக்கு நின்னது யாரு?"

எல்லோர் கண்ணும் ஒட்டிலி பக்கம் திரும்பியது.

மல்லுக்கு நின்றது அவளுடைய தம்பி வைட். மரப் பீப்பாய் செய்கிற தச்சன்.

வைட் தன் பட்டறையில் குறட்டை விட்டுக் கொண்டிருந்தான். கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அடுப்போரம் விடிவெள்ளி. அதில் ஒரு ஓட்டை... காலி!

"எங்கடா இதுல இருந்த முள்ளு?" என்றான் கெப்ஹார்ட்.

வைட் கண்ணைக் கசக்கினான். "ஆட்டைக் கட்ட முளையா அடிச்சேங்க. ஆடு புடுங்கிட்டு ஓடிருச்சு."

"ஆடு எங்க?"

"ஆடு வந்துருச்சு. முள்ளு வரல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெப்ஹார்ட் சிரிக்கவில்லை. வாசல் காவலனைக் கொன்றவனுக்கு அன்றைக்கே தூக்கு என்பதும் ஊர்ச் சட்டம்தான். உச்சி வேளைக்கு என்று நேரம் குறித்தாயிற்று!

ஒட்டிலி சிறைக்கு ரொட்டி கொண்டு போனாள். வைட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா... நான் மச்சானைத் தொடக்கூட இல்லை."

"தெரியும். சாப்பிடு."

"நீ அழவே மாட்டேங்கிறியே அக்கா."

"வரலைடா. வந்தா அழறேன். நேத்து எதுக்கு சண்டை?"

"விடியறதுக்கு முன்னால வண்டியை வெளியில விடச் சொன்னேன். மாட்டேன்னாரு. 'ஒரு பெரிய மனுஷர் சாவியைக் கேட்டாரு, அவருக்கே இல்லைன்னுட்டேன், நீ எம்மாத்திரம்'னாரு. எனக்குக் கோபம் வந்துருச்சு."

"எந்தப் பெரிய மனுஷர்?"

"சொல்லலை. நம்ம தலைவரா இருக்கும்னு நெனச்சேன்." வைட் ரொட்டியைப் பிய்த்தான். தின்னவில்லை. குரலை இறக்கினான். "அக்கா, ஒரு விஷயம். அந்த ஓட்டை காலியா இல்லை. ஆடு இரும்பைத் தொலைச்சதும், நான் கட்டையில ஒரு முள்ளு செதுக்கி, கரி பூசி அடிச்சு வச்சிருந்தேன். அசல் இரும்பு மாதிரியே இருக்கும். நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சு. இப்ப காணோம்!"

"இதை ஏன்டா காலையில சொல்லலை?"

"ஆயுத ஆய்வுல ஏமாத்தினா கையை வெட்டுவாங்களே!"

"கழுத்தே போகப் போகுது... நீ கைக்கு அழறியா?"

"என் கை மட்டுமா? ஊர்ல எல்லார் தடியிலயும் கட்டை முள்ளு இருக்கு. எல்லாருக்கும் செதுக்கிக் குடுத்தது நான்தான். இரும்பைப் புடுங்கி ஒருத்தர் கதவுக்கு அடிக்கறாங்க, ஒருத்தர் ஏணிக்கு அடிக்கறாங்க. காவல் தலைவர் குதிரை மேல உட்கார்ந்துக்கிட்டே எண்ணுவாரு. மழை பெஞ்சு கரி கரைஞ்சுரக் கூடாதேன்னு ஊரே சாமி கும்பிடும்."

"நம்ம வீட்டுத் தடியில?"

"மூணு. உங்க வீட்டுல பன்றித் தொடை தொங்குது பாரு... அது எதுல தொங்குதுன்னு நெனச்சே?"

ஒட்டிலிக்கு வருத்தம் இல்லை. கோபமும் இல்லை. அதனாலேயே யோசனை தெளிவாக ஓடியது.

கட்டை முள்ளைப் போய் எவன் திருடுவான்? அதை இரும்பு என்று நம்பினவன் திருடுவான்.

அந்த ஊரில் அப்படி நம்புகிறவர் எத்தனை பேர்?

ஒட்டிலி எழுந்தாள்.

சந்தைத் திடலில் தூக்குமரம் தயார். வைட்டைக் கையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் தன் விடிவெள்ளியைத் தோளில் சாத்திக்கொண்டு கெப்ஹார்ட்.

"தலைவரே! எனக்கு ஒரு ஆசை" என்றாள் ஒட்டிலி.

"சொல்லும்மா" என்றார் ருப்ரெக்ட்.

"என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு எனக்குத் தெரியணும். ஒரே அடியில முள்ளு கழண்டு வருமா? காவல் தலைவர் இந்தக் கிணத்துக் கல்லுல ஒரு தடவை அடிச்சுக் காட்டட்டும். அப்பதான் என் மனசு ஆறும்."

கெப்ஹார்ட் சிரித்தான். "என் தடியிலயா? கழலாதும்மா. உன் தம்பியோடது ஓட்டைத் தடி. என்னோடது பட்டணத்துக் கொல்லன் செஞ்சது."

"எல்லா முள்ளும் இருக்கா?"

"எண்ணிப் பார்த்துக்கோ! ஒண்ணு குறையாது. எல்லாம் இரும்பு!"

"அப்ப அடிங்க. பயமா?"

யாரோ ஹே என்று கூவினார்கள். ஒரு பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் எந்த வீரனுக்கு ரோஷம் வராது? கெப்ஹார்ட் இரண்டு கையாலும் தடியை ஓங்கிக் கல்லில் இறக்கினான்.

ணங்! தீப்பொறி பறந்தது.

கூடவே இன்னொரு சத்தம்...

சடக்!

கரிய முள் ஒன்று முறிந்து தெறித்து, உருண்டு வந்து தலைவரின் காலடியில் நின்றது. முறிந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கட்டை!" என்றார் தலைவர்.

கெப்ஹார்ட் தடியைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், மறுபடியும் தடியைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை!

"கட்டையா... கட்டையில எவன் முள்ளு செய்வான்?"

"நான் செய்வேன்!" என்று கத்தினான் வைட். "ஊர்ல எல்லாருக்கும் செஞ்சேன். ஆனா இவருக்கு நான் செதுக்கவே இல்லையே! இது என் தடியில இருந்தது. என் அடுப்போரத்துல இருந்து எடுத்தது!"

ஒட்டிலி மெதுவாகச் சொன்னாள். "உங்க இரும்பு முள்ளு அவர் மண்டையில சிக்கிக்கிச்சு. பிடுங்க வரலை. விடியறதுக்குள்ள ஓட்டையை அடைச்சாகணும். பியர்க் கடைச் சண்டை உங்களுக்குத் தெரியும். என் தம்பி குடிச்சுட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவான்னும் தெரியும். உங்க ஓட்டையும் அடைஞ்சுது, பழிக்கு ஆளும் கிடைச்சுது. கையுறையைக் கழட்டி ஒரு தடவை தொட்டிருந்தா கட்டைன்னு தெரிஞ்சிருக்கும்."

"பொய்!"

"பிணத்துக்குப் பக்கத்துல என்கிட்ட முதல்ல என்ன கேட்டீங்க? 'யார் பண்ணினா'ன்னு கேட்கலை. 'சாவி எங்க'ன்னு கேட்டீங்க. ஹட்டோவுக்குத் திறந்து விடறதா வாக்குக் குடுத்துட்டீங்களோ?"

அப்பொலோனியாவின் கணவன் குறடோடு வந்து, தடியில் மீந்திருந்த கட்டையைப் பிடுங்கினான். காலையில் மண்டையிலிருந்து எடுத்த முள்ளை அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

கெப்ஹார்ட் தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்!

சந்தைத் தெருவைத் தாண்டி நேரே ஆற்றங்கரை வாசலுக்கு ஓடினான். கதவில் மோதினான். இழுத்தான். உதைத்தான். எதைத் திறக்க ஒரு ஆளைக் கொன்றானோ, அந்த வாசல் இப்போதும் பூட்டித்தான் கிடந்தது. சாவி ஒட்டிலியின் மாவுப் பானையில் பத்திரமாக இருந்தது.

அவனைக் கட்டி இழுத்து வந்தபோது வைட்டை அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவன் ஓடி வந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். ஒட்டிலி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அவள் விரலில் காலையில் ஒட்டிய மாவு இன்னும் காய்ந்து கிடந்தது. இனிமேல் ஒரு ஆளுக்குத்தான் ரொட்டி சுட வேண்டும் என்று நினைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக் கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! யார் கையையும் வெட்டப் போறதில்லை. ஆனா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவங்கவங்க இரும்பு முள்ளு அவங்கவங்க தடிக்கு வந்துரணும்! அக்கரையில ஹட்டோ காத்துக்கிட்டிருப்பான்!"

"உங்க தடியில எத்தனை கட்டை தலைவரே?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

ருப்ரெக்டின் காது சிவந்தது.

"ஒண்ணே ஒண்ணு."

"அந்த இரும்பு எங்க?"

தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு தூக்குமரத்தின் உச்சியைக் கையால் காட்டினார். கயிறு அங்கே ஒரு விடிவெள்ளி முள்ளில்தான் தொங்கிக் கொண்டிருந்தது.

"கயிறு மாட்ட வேற ஒண்ணும் கிடைக்கலை... இதோ, இப்பவே பிடுங்கிடறேன்!"

ஒட்டிலி கெப்ஹார்டைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைப் பார்த்தாள்.

"அவசரம் இல்லை தலைவரே... வேலை முடிஞ்சதும் பிடுங்கிக்குங்க!"