பத்து மணிக்கு உள்ளே இருந்தவர்கள்

குடைதான் முதலில் இல்லாமல் போயிற்று.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சாத்தி வைத்திருந்த அமலாவின் பச்சைக் குடை. அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் கோடாக ஓடி, தங்கமாரியின் நாற்காலிச் சக்கரம் வரை வந்து, சற்று முன்புதான் அவளைக் காலை மடக்கி உட்கார வைத்திருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் குடை இல்லை. அமலா எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் தரையைக் கவனித்தாள். தரை காய்ந்து கிடந்தது. துடைத்த தடம்கூட இல்லை. அந்த மூலையில் பல நாள் தூசி கலையாமல் அப்படியே படிந்திருந்தது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் கார் சீட் செய்யும் தொழிற்சாலை அது. ஞாயிற்றுக்கிழமை, அதிலும் புயல் மழை. லைன் எதுவும் ஓடவில்லை. கீழே பிரஸ் ஷாப்பில் இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்தி நிற்க, எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை படிக்கட்டு வழியாக மேலேறி மாடி முழுக்கத் தங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. மாடியில் ஐடி அறையில் தங்கமாரியும் அமலாவும். கேட்டில் செக்யூரிட்டி கோதண்டம். அவ்வளவுதான் ஆட்கள்.

தங்கமாரி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். அமலா வாலாஜாபாத்காரி, கணவன், நான்கு வயதில் கனிஷ்கா என்று ஒரு மகள். போன வருஷம் தங்கமாரிக்கு டெங்கு வந்தபோது, ஊரிலிருந்து ஆள் வந்து சேரும் வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அமலாதான். இன்றைக்கு அவளுக்கு வேலையே இல்லை. “மழையில நீ ஒண்டியா இன்னாடி பண்ணுவ” என்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்துவிட்டாள்.

கெட்டுப்போனது கேட் சர்வர். யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. மும்பையில் எங்கோ வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினி. மதியம் ஒரு அப்டேட் போடும்போது அது நடுவில் உறைந்து நின்றுவிட்டது. நாளைக் காலை ஷிப்டுக்கு வரிசையாகப் பஸ்கள் வந்து நிற்கும். கேட் திறக்காவிட்டால் லைன் ஓடாது.

ஆனால் ஸ்னாப்ஷாட் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒரு நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கும்படி தங்கமாரிதான் அமைத்திருந்தாள். பத்து மணிக்கு எடுத்தது முழுசாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எடுக்க ஆரம்பித்தது, கணினி உறைந்ததால் அறுபத்தொரு சதவீதத்தில் நின்றுபோயிருந்தது. அது உதவாது. பத்து மணிக்குத் திரும்பிப் போனால் போதும். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் நடந்தது எதுவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன நடந்துவிட்டது?

“இப்ப இருக்கறத அப்டியே ஒன்னு எடுத்து வெச்சிக்கினு அப்புறம் ரீஸ்டோர் பண்ணுடி” என்றாள் அமலா. “நாளைக்கி எதுனா வோணும்னா எங்க போவ?”

அதற்குள் மேனேஜர் ஸ்ரீதரின் போன் மூன்றாவது முறையாக அடித்தது. “இன்னும் என்னம்மா? ஏத்திட்டியா இல்லையா?”

“இந்தா ஏத்திட்டேன் சார்” என்று சொல்லிவிட்டாள் தங்கமாரி.

“ஒரு நிமிஷம் இரு, டீ புடிச்சிக்கினு வரேன்” என்று அமலா கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். தங்கமாரி பத்து மணி ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்தாள். இருப்பதன் மேலேயே எழுது என்று கொடுத்தாள். திரையில் ஒரு நீலக் கோடு ஓடி முடிந்தது. கேட் சர்வர் எழுந்துகொண்டது.

அப்போதுதான் திரும்பி, குடை இல்லாததைப் பார்த்தாள்.

“அமலா?”

நடைபாதையில் டீ மெஷின் தானாக உறுமி ஓய்ந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை. கழிப்பறையில் விளக்கு எரியவில்லை. அறைக்கு வந்து மேசையைப் பார்த்தாள். சாதம் கட்டி வந்த டப்பா இல்லை. பக்கத்து நாற்காலியில் தொங்கிய துப்பட்டா இல்லை. விரலை முகர்ந்தாள், எலுமிச்சை வாசம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள். இப்போது அவளுக்குக் குடல் சுருண்டு பசித்தது.

இண்டர்காமை எடுத்தாள்.

“அண்ணாச்சி, அமலா கீழ வந்தாளா?”

“அமலா மேடமா? அவங்க இன்னிக்கி வரவே இல்லியேமா.”

“வெளையாடாதீய அண்ணாச்சி. பத்தரைக்கு வந்தாள்லா? நீங்கதான கேட்டத் தொறந்துவிட்டிய?”

“இன்னாமா சொல்ற? காலைல நீ ஒண்டிதான் வந்த. நான் எழுந்தே போவல. ஸ்டாண்டுல ஒரு வண்டி கெடையாது, வோணும்னா வந்து பாரு.”

அவர் குரலில் கேலி இல்லை. கண்ணாடி ஜன்னலுக்கு ஓடினாள். மழைத் திரைக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம் காலியாக, தண்ணீர் கட்டிக் கிடந்தது.

அமலாவின் கணவன் புருஷோத்தமனைக் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை பாடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அமலா வீட்டுக்கு வந்துட்டாளா?”

“இல்லியே. காலைல பத்து மணிக்கு முன்னாடியே கெளம்பிட்டா. உன்கூடதான கீறா?”

“ஆமாண்ணே. கீழ இருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு அமலாவின் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை மணி அடித்ததும் எடுக்கப்பட்டது.

“ஏட்டி, எங்கட்டி இருக்க?”

மழை. கைபேசியில் மழை பெய்தது. ஸ்கூட்டியின் சத்தம். அமலா எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ஓட்டுகிறாள். பின்னாலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி நீளமாக ஹார்ன் அடித்து அவளைக் கடந்து போகிறது. சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கிறது. “அடப்பாவி” என்று அமலா திட்டுகிறாள். பிறகு ஒரு சிறிய நிசப்தம். மறுபடியும் மழை. ஸ்கூட்டி. அதே முணுமுணுப்பு. அதே ஹார்ன். “அடப்பாவி.”

“அமலா! அமலா, நான்தான்!”

ஹார்ன். தண்ணீர். அடப்பாவி.

தங்கமாரி கைபேசியை மேசையில் வைத்தாள். அது நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. திரையில் கேட் சர்வர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் என்ற இடத்தில் இரண்டே முகங்கள். கோதண்டம். தங்கமாரி. பத்து மணிக்கு உள்ளே இருந்தவர்கள் இவர்கள்தான். அமலா அப்போது சாலையில் இருந்தாள்.

இது நடக்கக்கூடியதே இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. உறைந்து கிடந்த நிலையை எடுத்து வைத்திருந்தால் இப்போது அதற்குத் திரும்பியிருக்கலாம். எடுக்கவில்லை. அதன் மேலேயே எழுதிவிட்டாள். அமலா இந்த அறையில் உட்கார்ந்திருந்த நேரம் இனி எங்கேயும் இல்லை.

ஒரே ஓர் இடத்தைத் தவிர.

பன்னிரண்டு மணி. அறுபத்தொரு சதவீதம்.

அதிலிருந்து ரீஸ்டோர் செய்ய முடியாது என்று திரை மறுத்தது. அவள் மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் மறுத்தது. நகல் முழுமையாக இல்லை, உள்ளிருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கட்டாயப்படுத்தி எடுக்க ஒரு கட்டளை உண்டு. வேறு கதியே இல்லாத போது மட்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. இதைவிட வேறு கதி இல்லாத போது எப்போது வரும்?

அறையின் லேண்ட்லைனில் ஸ்ரீதரின் போன் வந்தது. “சிஸ்டம் வந்துடுச்சு, பார்த்தேன். குட். இனிமே எதையும் தொடாத.”

“சார், அமலாவக் காணோம் சார்.”

“அவங்களுக்கு இன்னைக்கு டியூட்டியே இல்லையேம்மா?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள். கட்டளையைத் தட்டினாள். விரல்கள் எழுத்தை மாற்றி மாற்றி அடித்தன. மூன்றாவது முறை சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு என்டரை அழுத்தினாள்.

மேசையில் இருந்த கைபேசி பேசுவதை நிறுத்தியது.

நீலக் கோடு ஊர்ந்தது. மெதுவாக. பத்து. முப்பது. ஐம்பது. அறுபத்தொன்றில் நின்றது. திரை அப்படியே காத்திருந்தது. கீழே ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தான் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை வாசம் வந்தது. மெல்லியதாக, ஒரு நாசித் துளைக்கு மட்டும்.

அவள் மூலையைப் பார்த்தாள். குடை நின்றது. குடையின் மேல்பாதி நின்றது. கைப்பிடியிலிருந்து துணியின் நடு வரை பச்சையாக, ஈரமாக. அதற்குக் கீழே எதுவும் இல்லை. தரைக்கும் குடைக்கும் நடுவே வெற்று இடம். அந்த வெற்று இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

இண்டர்காம் அலறியது.

“அம்மா, அமலா மேடம் வந்துட்டாங்கமா. கதவு தானா தொறந்துகிச்சி...” கோதண்டம் பேச்சை நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது. “இன்னாது இது. அம்மா, நீ கீழ வராத. கதவச் சாத்திக்கோ. கீழ வராதமா!”

“அண்ணாச்சி? அண்ணாச்சி!”

மழை மட்டும் கேட்டது. ரிசீவர் எங்கோ ஆடி ஆடிச் சுவரில் மோதும் சத்தம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு செருப்பு. டப். பிறகு, இன்னொரு கால் விழ வேண்டிய நேரம் முழுக்க அமைதி. டப். மறுபடி அமைதி.

தங்கமாரி கதவைத் தாழிட எழுந்தாள். மேசையருகிலேயே நின்றுவிட்டாள். பயத்தில் மட்டும் இல்லை. அது அமலா. கனிஷ்காவின் அம்மா. தாழிட்டுவிட்டு என்ன செய்வாள்?

டப்.

நடைபாதையின் விளக்கு மினுங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உருவம் தெரிந்தது. ஈரக் கூந்தல். நெற்றி, பொட்டு. ஒரு கண். கன்னத்தின் பாதி. ஒரு தோள். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை. காயம் இல்லை. வரைந்துகொண்டிருந்தவன் எழுந்து போய்விட்டதுபோல, விளிம்பு அப்படியே நின்றிருந்தது. அந்த இல்லாத இடத்தின் வழியாக, பின்சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பான் முழுசாகத் தெரிந்தது.

கதவு திறந்தது.

“தங்கம்” என்றாள் அமலா. பாதி உதடு அசைந்தது. “தங்கம், நான் வந்துட்டேன்ல?”

“வந்துட்ட அமலா.”

“குளுருது.” ஒற்றைக் கண் தன் தோளைப் பார்த்தது. தோளுக்கு அப்பால் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. “மீதி எங்கடி?”

தங்கமாரி திரையைப் பார்த்தாள். அறுபத்தொன்று.

“மீதி எங்கடி தங்கம்? கொயந்தைய எப்டி தூக்குவேன்?”

மவுஸ் அவள் வலது கைக்குக் கீழே இருந்தது. அம்பு ‘நிறுத்து’ பொத்தானின் மேல் நின்றது. அழுத்தினால் பத்து மணி. அமலா மறுபடி அந்தச் சாலையில். அந்த ஹார்ன். அழுத்தாவிட்டால் இது. ஒற்றைக் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து, கன்னம் முடியும் விளிம்புக்கு வந்து, அப்பால் விழ இடமில்லாமல் அங்கேயே திரண்டு நின்றது.

அவள் அழுத்தவில்லை.

“அழாத அமலா” என்றாள். “எப்படியாச்சும் கொண்டாந்துருதேன். எங்கருந்தாச்சும்.”

திரையில் எண் அசைந்தது.

அறுபத்திரண்டு.

நகல் ஓடுகிறது. நின்றுபோனது ஓடுகிறது. மீதியை எங்கிருந்தோ எடுக்கிறது. சந்தோஷத்தில் தங்கமாரி சிரித்துவிட்டாள், சத்தமாக.

“பாரு, வருது! அமலா, வருது!”

அறுபத்து மூன்று.

அமலா தன் இல்லாத பக்கத்தைப் பார்த்தாள். வெற்றாக இருந்த விளிம்பில் ஒரு மணிக்கட்டு வந்திருந்தது. அதிலிருந்து உள்ளங்கை. ஒவ்வொன்றாக விரல்கள். அவள் நிறத்தைவிடக் கறுப்பான விரல்கள். நகங்களில் கத்தரிப்பூ நிறச் சாயம், நேற்று தங்கமாரி தன் அறையில் உட்கார்ந்து பூசிக்கொண்ட சாயம், ஒன்றில் மட்டும் ஓரம் வழிந்து.

தங்கமாரி மவுஸை அழுத்தப் போனாள்.

மவுஸ் மேசையில் இருந்தது. அதன் மேல் கை இல்லை. வலி இல்லை. சுடிதாரின் கைமடிப்பு மேசை மேல் தட்டையாகக் கிடந்தது.

அமலா அந்தப் புதுக் கையை நீட்டி, தங்கமாரியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

அறுபத்து நான்கு.